ஐந்து பாகைச் சாய்வு

கோணலாக இருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் கொட்டாஞ்சேனையில் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். கல்யாண வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தின் மேல்விளிம்பு கூரைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்றுதான் கண் முதலில் பார்க்கும். இல்லாவிட்டால் எழும்பிப் போய் நிமிர்த்திவிட்டுத்தான் மறு வேலை. "உம்மா, கைய வச்சிக்கிட்டு சும்மா இருங்களேன்" என்று மகள் காதுக்குள் சொல்லுவாள். அவளுக்கு வெட்கம். எனக்கு வெட்கமே கிடையாது.

சந்தேகமும் அதே தொழிலில் வந்ததுதான். பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதியிருந்தால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒரே பிழையை எழுதியிருந்தால் இரண்டு பேரையும் கூப்பிடுவேன். சரிவகத்தில் எந்தப் பக்கங்கள் சமாந்தரம் என்று அம்புக்குறி போடச் சொன்னால், சாய்ந்த இரண்டுக்கும் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்பார்கள். யார் யாரைப் பார்த்து எழுதியது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இதில் நான் பிழை விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

திகதிகள் முன்னே பின்னே இருக்கலாம். நடந்தவற்றை நடந்தபடிதான் சொல்கிறேன்.

என் கணவருக்கு முழங்கால் நோவு வந்து கொட்டாஞ்சேனை வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் போனதும், அதை விற்றுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்தோம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், நாலாம் மாடியில் ஒரு ஃப்ளாட். லிஃப்ட் இருக்கிறது, மகள் கல்கிசையில் இருக்கிறாள், பள்ளிவாசல் நடக்கிற தூரம். அவர் நாற்பது வருடம் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காக அலைந்த மனிதர். யாரோடும் சண்டை பிடிக்கத் தெரியாது. அதனால் வீடு கட்டிய கம்பனிக்காரனோடு சண்டை பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

சண்டை வீட்டின் முன் ஹோலைப் பற்றியது. பிளானில் செவ்வகம் என்று கீறியிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததுமே எனக்கு அது செவ்வகமாகப் படவில்லை. அளந்து பார்த்தோம். எதிர் எதிர்ச் சுவர்கள் சமம். கம்பனிக்காரன் சிரித்தான். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் அது இணைகரமாகவும் இருக்கலாம், மூலைவிட்டங்களை அளந்து காட்டும் என்றேன். அளந்தான். ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம். பிறகு அவன் சிரிக்கவில்லை. காணி சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது, கட்டடம் காணியோடு போயிருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தான். எதிர்ச்சுவர்கள் சமாந்தரம்தான், ஆனால் பக்கத்துச் சுவருக்குச் செங்குத்து இல்லை. எனக்கு இதைச் சொல்லிக்காட்ட முடிந்ததே பெரிய சந்தோஷம்.

அந்தக் கோணல் ஹோலில்தான் நாங்கள் தொழ வேண்டும். கொழும்பில் தொழும் திசையான கிப்லா கடலுக்கு நேராக இல்லை, அதிலிருந்து வடக்கே திரும்பியிருக்கிறது. தொழும் விரிப்பை, முஸல்லாவை, சுவரைப் பார்த்துப் போட்டால் பிழையாகிவிடும். கைத்தொலைபேசித் திசைகாட்டியையும் நம்ப முடியாது. தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் கம்பியைக் கண்டு முள் ஒரு பக்கம், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம். நான் கீழே இறங்கி வெறும் ஒழுங்கையில் நின்று பார்த்தேன், பள்ளிவாசலில் அவரை விட்டு விசாரித்தேன், கணக்குப் போட்டேன். கடல் பக்கச் சுவருக்கு ஓடும் பக்கச்சுவரோடு முப்பத்துநாலு பாகை. அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். பாகைமானியும் மூலைமட்டமும் வைத்துத் தரையில் பச்சை டேப் இரண்டு துண்டு ஒட்டினேன். ஒன்று கிப்லாவை நோக்கிப் போவது. மற்றது அதற்குச் செங்குத்தாக, பாதம் வைப்பதற்கு. அவருடைய முஸல்லா முன்னால், என்னுடையது பின்னால், இரண்டும் சமாந்தரம். சுவரோடு மட்டும் எதுவும் ஒட்டாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சாய்வைப் பார்த்து ஒரு மாதிரி நிற்பார்கள். அளந்து ஒட்டினது என்று நானாகவே சொல்லிவிடுவேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒருநாள் பின்னேரம் அஸர் தொழ வந்தபோது பார்த்தேன், அவருடைய முஸல்லா டேப்போடு ஒட்டவில்லை. பெரிய சாய்வு இல்லை, ஐந்து பாகை இருக்கும். வேறு யாருக்கும் தெரியாது. நான் குனிந்து நேராக்கினேன். பொழுதுபட்டு மஃரிபுக்கு வந்தால் மறுபடி அதே சாய்வு.

"டேப் இரிக்கிதானே, அதப் பாத்து விரிங்களேன்" என்றேன்.

"பாத்துத்தான் விரிச்சன்."

"கண் தெரியலையா?"

"தெரியுது, தெரியுது. வாங்க, வக்து போகுது."

அன்றிலிருந்து அவர்மீது ஒரு கண் வைத்தேன். வைத்துப் பார்த்தால்தானே தெரிகிறது. அரிசி வாளிக்குள் மூக்குக்கண்ணாடி. ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டில் வீட்டுச் சாவி. கேத்தல் தண்ணீர் வற்றி அடி கருகி, கேஸ் எரிந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் செய்யவில்லை என்றால் அவர். இதற்கு நிறுவல் தேவையில்லை.

முதலில் மறுத்தார். "நான் வைக்கல்ல."

"அப்ப யார் வச்சது? ஜின் வந்தா வச்சது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இருக்கும். நான்தான் வச்சிருப்பன்" என்றார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே பதில்தான். ஓ, நான்தான், மறந்திட்டன். இவ்வளவு இலேசாக ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. குற்றத்தை உடனே ஒப்புக்கொள்ளும் பிள்ளையிடம் வேறு எதுவோ இருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். அவருடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர், மருதானையில் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் படுத்திருந்தார். நாங்கள் பார்க்கப் போனால் என்னைத் தன் உம்மா என்று நினைத்துச் சோறு கேட்பார். அந்தக் குடும்பத்து இரத்தம்தானே இவருக்கும் ஓடுகிறது. ஒரு காலையில் எழும்பி இவரும் என்னை யார் என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? இதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. பயமெல்லாம் எரிச்சலாகத்தான் வெளியே வந்தது.

ஆகவே பரீட்சை வைத்தேன். நேராகக் கேட்டால் விளங்கிவிடும் என்று தேத்தண்ணி கொடுக்கும்போது சும்மா கேட்பதுபோல் கேட்பேன்.

"இன்டைக்கு என்ன கிழம?"

"வியாழன். ஏன்?"

"சும்மா."

அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நேத்துப் பகலைக்கு என்ன ஆக்கினீங்க?" என்பார்.

எனக்குச் சுள்ளென்று வரும். கேட்ட கேள்விக்குக் கேள்வியாலே பதில் சொல்வது படிக்காமல் வந்த பிள்ளையின் வேலை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன். ஒரு பழைய கொப்பியை எடுத்து, நடப்பதை எல்லாம் எழுதத் தொடங்கினேன். டொக்டரிடம் போக வேண்டி வந்தால் ஆதாரம் வேண்டும். என் எழுத்து எப்போதும் கரும்பலகை எழுத்துப்போல நேராக இருக்கும். அந்தக் கொப்பியைச் சேலை அலுமாரிக்குள், துணிகளுக்கு அடியில் ஒளித்தேன். அவருக்குத் தெரியாமல்.

ஒருநாள் காலை மரக்கறி வாங்கக் காலி வீதிக்கு இறங்கினேன். பாதி வழியில் பார்த்தால் பர்ஸ் இல்லை. திரும்பி வந்து சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். ஹோலில், நோவுள்ள முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்துக்கொண்டு, அவர் தரையில் குந்தியிருந்தார். கையில் என்னுடைய பாகைமானி. வாயில் ஒரு துண்டு பச்சை டேப்.

"என்ன செய்றீங்க?"

டேப்பை வாயிலிருந்து எடுத்தார். "ஒன்டுமில்ல. டேப் கழண்டிருந்திச்சி."

"கழண்டா என்னக் கூப்பிட வேண்டியதுதானே. பாகைமானி என்னத்துக்கு?"

"சும்மா பாத்தன்" என்று சொல்லிக்கொண்டே, பக்கத்தில் கிடந்த ஒரு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்குக் காட்டவில்லை.

அவர் குளிக்கப் போனதும் நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். டேப் உரிக்கப்பட்ட பசைத்தடம் ஒன்றல்ல, மூன்று நாலு இருந்தன. ஒரே மூலையிலிருந்து விசிறியை விரித்ததுபோல் ஒவ்வொன்றும் ஒரு திசையில் போயின. ஒன்றும் ஒன்றுக்குச் சமாந்தரம் இல்லை. நான் அளந்து ஒட்டிய கோட்டை இந்த மனிதர் திரும்பத் திரும்ப மாற்றுகிறார், மாற்றிவிட்டு மறைக்கிறார். இத்தனை நாளும் எந்தத் திசையைப் பார்த்துத் தொழுதோமோ. கொப்பியை எடுத்து எழுதினேன்: டேப்பை மாற்றுகிறார். ஒளிக்கிறார்.

ஒளிப்பது அவர் மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. பல்கனிக்குப் போய்ப் போனில் மகளோடு தாழ்ந்த குரலில் கதைப்பார். நான் போனால், "சரி மகள், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார். வாப்பாவும் மகளும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். தனக்கு நோய் வருத்தம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார், எனக்குச் சொன்னால் நான் தாங்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். தாங்க மாட்டேனாமே. நாற்பத்தைந்து பிள்ளைகளைக் கண் பார்வையில் அடக்கியவள் நான்.

நானே மகளுக்குப் போன் எடுத்தேன். "இங்க பாருங்க மகள், ஒளிக்க வேணாம். வாப்பாக்கு மறதி வந்திருக்கு. எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழுறீங்களா?"

"இல்ல உம்மா. தடிமன். டொக்டர் ஒராளிட்டக் காட்டுவம் என்ன? வாப்பா சனல் பண்றன் என்டு சொன்னார்."

"அவரேயா?"

"ஓ, அவரேதான். நீங்களும் போங்க உம்மா. கட்டாயம் போகணும்."

எனக்கு மனது குளிர்ந்தது. காய்ச்சல் வந்தாலும் கொத்தமல்லித் தண்ணீரோடு சமாளிக்கும் மனிதர், தானே போன் எடுத்து டொக்டரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கிறார். தன்னில் ஏதோ பிழை என்று அவருக்கே விளங்கியிருக்கிறது. அன்றிரவு அவருக்குப் பிடித்த புட்டும் பாபத்துக் கறியும் செய்து கொடுத்தேன். கோபம் எல்லாம் இறங்கிவிட்டது. நான் பார்த்துக்கொள்வேன், கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கொள்வேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பரிமாறினேன். அவர் பாதியைத்தான் சாப்பிட்டார்.

டொக்டரிடம் போன அன்று பின்னேரம் ஒரே சனம். கொப்பியைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, டொக்டர் கேட்பதற்கு அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பரவாயில்லை என்றேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். அவர் தலையாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியிடத்தில் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். பாவம், பயந்துபோய்விட்டார் என்று நானும் இறுகப் பிடித்தேன்.

ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். தாதி கதவடியில் நின்று துண்டுச்சீட்டைப் பார்த்துப் பெயரை வாசித்தாள்.

அது என்னுடைய பெயர்.

"மாறிப் பதிஞ்சிட்டாங்க போல" என்று அவரிடம் சொன்னேன். "நீங்க எழும்புங்க."

அவர் எழும்பினார். கையை விடவில்லை. "வாங்க, ரெண்டு பேரும் போவம்" என்றார்.

டொக்டர் இளம் ஆள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. "இருங்கோ ரீச்சர்" என்று நேரே என்னைப் பார்த்துச் சொன்னார். நான் படிப்பித்தவள் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே இருந்தேன். பிழையைத் திருத்த வேண்டும் என்பதற்காக உடனே கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். நோயாளி இவர், நான் எல்லாம் விபரமாக எழுதி வைத்திருக்கிறேன், முதலில் இதை வாசியுங்கள் என்றேன்.

டொக்டர் ஆறுதலாக, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வாசித்தார். ஒரு பக்கத்தில் நின்றார், பின்னால் புரட்டினார், மறுபடி முன்னால் வந்தார். பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பிவைத்து விரலால் காட்டினார். டேப்பை மாற்றுகிறார், ஒளிக்கிறார். அடுத்த பக்கம், டேப்பை மாற்றுகிறார், ஒளிக்கிறார். அடுத்த பக்கத்திலும் அதே. ஆறு பக்கம். அதே பாகைமானி, அதே தலையணை, அதே திகதி. எழுத்து என்னுடையது. முதல் பக்கத்தில் நேராக இருந்த வரிகள் போகப் போகக் கீழே சரிந்திருந்தன.

"இத நான் ஒரு தரம்தான் எழுதினது" என்றேன்.

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். "டேப்ப மாத்தினது நீங்கதானே? சொல்லுங்க."

"நீங்கதான்" என்றார். தரையைப் பார்த்தபடிதான் சொன்னார். "கோணல் என்டு சொல்லிச் சொல்லி உரிச்சி உரிச்சி ஒட்டினீங்க. ஒட்டினது உங்களுக்கே மறந்து போயிரும். நான் திருப்பி முப்பத்துநாலுக்கு வச்சன். நீங்க எழுதித் தந்த தாள் என்ட பொக்கட்ல இரிக்கி. எனக்கு வேற கணக்குத் தெரியாதே."

கேத்தல் யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. சாவியைப் பற்றியும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தான்தான் என்று ஏன் ஒப்புக்கொண்டார் என்றும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு பேர், அவர் இல்லை என்றால்.

டொக்டர் ஒரு தாளை முன்னால் வைத்தார். மேலே பெட்டிபோல ஒரு சதுரமுகி கீறியிருந்தது, கோட்டுப் படம். கீழே வெற்றிடம். "ரீச்சர், இதப் பாத்து இதே மாதிரிக் கீறுங்கோ. அவசரமில்ல."

சிரிப்பு வந்தது. தரம் எட்டுப் பாடம். முன்முகம் ஒரு சதுரம், பின்முகம் அதற்குச் சமாந்தரமாக இன்னொரு சதுரம், மூலைக்கு மூலை நாலு விளிம்புகள், அந்த நாலும் தங்களுக்குள் சமாந்தரம். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். பென்சிலை எடுத்தேன். முன்சதுரம் நன்றாக வந்தது. பின்சதுரத்தைத் தொடங்கினேன். எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் நின்றேன். ஒரு கோடு போட்டேன், மற்றது அதோடு சேரவில்லை. அழித்தேன். மறுபடி போட்டேன். மூலைக்கு மூலை சேர்த்தால் நாலு விளிம்பும் நாலு பக்கம் போனது. பிழை என்று எனக்குத் தெரிந்தது. எந்தக் கோடு பிழை என்று தெரியவில்லை. தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அழிறப்பர் தேய்த்த இடத்தில் தாள் கிழிந்தது.

நான் பென்சிலை வைத்துவிட்டேன். டொக்டர் தாளை மெதுவாகத் தன் பக்கம் எடுத்து ஏதோ எழுதப் போனார்.

அப்போது என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, பிள்ளைக்காக மன்றாட வந்த வாப்பாவைப்போல் அந்தச் சின்ன வயது டொக்டரிடம் கேட்டார்.

"டொக்டர், அதுல எழுதாதீங்க. தாள் கிழிஞ்சி போயித்து, அதான். இன்னொரு தாள் குடுங்க. அவவுக்கு இது தெரியும்."